மேலே பார்த்து ஒரு கும்பிடு

கணக்கு வாத்தியாருக்குப் பொறுக்கவில்லை. திரையில் கதாநாயகன் மேலே பார்த்து ஒரு கும்பிடு போட்டான். ஏழு மாடி உயரம் எழும்பி, அந்தரத்திலேயே பத்துப் பேரை உதைத்தான்.

“இது எந்தக் கணக்குல வரும்?” என்றார் மனைவியிடம்.

“பேசாம பாருங்க. சாமியக் கும்பிட்டுட்டுத்தானே பறக்கிறாரு.”

பக்கத்து இருக்கைக்காரர் மெல்லச் சிரித்தார். “சாமி இல்லம்மா. மேல நின்னு அவரோட கயித்தப் பிடிச்சிருந்தது நான். ஒவ்வொரு தடவையும், ‘அண்ணே, விட்டுடாதீங்க’ன்னு கும்பிடுவாரு. படத்துல அத வெட்டக் கூடாதுன்னும் சொல்லிட்டாரு.”

அவர் விரித்த உள்ளங்கை முழுக்கக் கயிற்றுத் தழும்பு.

கதாநாயகன் அடுத்த தாவலுக்கு மேலே பார்த்துக் கும்பிட்டான். இந்த முறை வாத்தியார் கணக்குப் போடவில்லை.

இருட்டில், பக்கத்து இருக்கைக்காரர் பதிலுக்குக் கும்பிட்டார்.