இரண்டாம் பாடம்

"இஞ்சாருங்கோ, பொலிசுக்கான ரெண்டாம் பாடத்தை எப்ப இன்ரநெற்றிலை போடப்போறியள்?" என்று மனைவி கமலாசனி கேட்டாள்.

"முதல் பாடத்தை ஆறுதலாப் படிக்கட்டும். இப்ப என்ன அவசரம்?" என்றார் ஆங்கில விரிவுரையாளர் நவரட்ணராஜா.

யுத்தகாலம். சோதனைச்சாவடிப் பொலிசாருக்காக அவர் இணையத்தில் போட்ட ஆங்கிலப் பாடம் கண்டியில் அமோகமாக ஓடியது. பாடத்தில் உள்ளதைத் தவிர ஆங்கிலத்தில் வேறெதுவும் பேசக்கூடாதென்று ஒரு மேலதிகாரி உத்தரவே போட்டுவிட்டு, அவருக்குப் பொன்னாடையும் போர்த்தினார். அந்தப் பொன்னாடையின் சூடு ஆறுமுன் அடுத்த பாடம் எழுத யாருக்குத்தான் மனம் வரும்?

மறுநாள் கண்டிக்கு அருகே பல்லேகலவில் அவர் போன பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கினார்கள். இளம் பொலிஸ்காரன் ஒருவன் அவருடைய அடையாள அட்டையில் யாழ்ப்பாணம் என்றிருப்பதைப் பார்த்தான். ஊர் எது, தொழில் எது, கண்டியில் என்ன வேலை என்று சுத்தமான ஆங்கிலத்தில் கேட்டான். நவரட்ணராஜாவுக்கு உச்சி குளிர்ந்தது. அத்தனையும் அவர் எழுதிய கேள்விகள். பிசகாமல் பதில் சொன்னார்.

"நன்றி ஐயா. ஜீப்பில் ஏறுங்கள்."

அதுவும் அவர் எழுதியதுதான்.

"அந்தப் பாடத்தை எழுதியவனே நான்தான்" என்று ஆங்கிலத்தில் பதறினார்.

பொலிஸ்காரன் விறைத்து நின்று சலூட் அடித்துவிட்டுச் சிங்களத்துக்கு மாறினான்.

"அப்படியென்றால் உங்களுக்கே தெரியும், சேர். குற்றமில்லாதவரைப் போகவிடுவது அடுத்த பாடத்தில் என்று அடியில் போட்டிருக்கிறீர்கள். நாங்களும் தினமும் பார்க்கிறோம், இன்னும் வரவில்லை" என்றபடி ஜீப்பின் கதவை மரியாதையாகத் திறந்துவிட்டான்.