ஒரு நிமிடம் செபிக்காமல்

பியற்றிஸின் விசுவாசம் பொய் என்று கருவி சொல்லிவிட்டது. குடிவரவு அதிகாரிகள் நெற்றியில் கருவியின் பட்டியைக் கட்டி முதலில் சும்மா இருக்கச் சொன்னார்கள், பிறகு செபிக்கச் சொன்னார்கள். செபிக்கும்போது உயர வேண்டிய கோடு இரண்டு முறையும் திரையில் ஒரே உயரத்தில்தான் ஓடியது. செபம் இவள் மனதைத் தொடவே இல்லை என்று எழுதி, விசுவாசத்துக்காகத் துரத்தப்பட்டவள் என்று அவள் கொடுத்த அகதி விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டார்கள்.

மேல்முறையீட்டில் சட்டத்தரணி துஷ்யந்தி காரணத்தைச் சொன்னாள். ஊரில் செபவீட்டை எரித்த நாளிலிருந்து பியற்றிஸ் வாய்விட்டுச் செபித்ததில்லை. கறி வைக்கும்போதும் பஸ்ஸுக்கு நிற்கும்போதும் மனதுக்குள் ஓயாமல் செபித்தாள். சும்மா இருக்கச் சொன்னபோதும் அதைத்தான் செய்திருக்கிறாள்.

நீதிபதி கல்நெஞ்சுக்காரர் அல்ல. நீதிமன்றத்திலேயே இன்னொரு முறை சோதிக்கச் சம்மதித்தார்.

"அக்கா, ஒரே ஒரு நிமிசம் செபிக்காம இருங்கோ. கோடு கீழ இறங்கினாக் காணும், வழக்கு எங்கட பக்கம்," என்றாள் துஷ்யந்தி.

"அதென்ன பெரிய வேலையே பிள்ளை? இருக்கிறன்."

பட்டியைக் கட்டினார்கள். பின்வரிசையில் நகத்தைக் கடித்தபடி இருந்த மகளை பியற்றிஸ் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். இங்கிருந்து திருப்பி அனுப்பப்பட்ட மச்சாள் வீடு போய்ச் சேரவே இல்லை என்பது நினைவுக்கு வந்தது. கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

நிமிடம் முடியப் போகிறது. கோடு இறங்கவில்லை. துஷ்யந்தி தலையைக் குனிந்துகொண்டாள். நீதிபதி பேனாவை எடுத்தார்.

பியற்றிஸ் உயிரைக் கொடுத்து முயன்றுகொண்டிருந்தாள்.

'ஆண்டவரே, இந்த ஒரு நிமிசம் மட்டும் உம்மை நினையாமல் இருக்க எனக்குப் பெலன் தாரும்.'