பதினோரு மணிக்குள் தீரும் டேட்டா

கடகடவென்று ஓடி, நூல் அறுந்ததும் சட்டென்று நிற்கும் ஒரு தையல் மிஷின். முதலாளி சிறுவனாக இருந்தபோது அந்தச் சத்தத்தில்தான் தூங்குவார். அது நின்றால் விழித்துக்கொள்வார். முன்னறையில் ஒற்றை மிஷினை வைத்துக்கொண்டு அவருடைய அம்மா தைத்த நாட்கள் அவை.

இப்போது தையல்கூடத்தில் எட்டு மிஷின்கள். எட்டுக்கும் மோட்டார்.

அன்று அவர் வழக்கம்போலப் பதினோரு மணிக்கு வரவில்லை. பத்துக்கே வந்து எட்டையும் நிறுத்தச் சொன்னார்.

"நாற்பது சட்டை! நாற்பதையும் பிரிச்சுத் தைக்கணும். பாக்கெட் வலது பக்கம் வேணுமாம். ஸ்கூல்ல இருந்து நேத்து மதியமே படம் அனுப்பிட்டாங்க. நம்ம கூடத்துப் போனுக்கு இன்னைக்குக் காலையிலதான் வந்து சேர்ந்திருக்கு. ஏன்?"

பதிலையும் அவரே சொன்னார்.

"ஏன்னா டேட்டா இல்ல. தினமும் ரெண்டு ஜிபி. பதினோரு மணிக்குள்ள காலி. ஓட்டைக் குடம்கூட இவ்வளவு வேகமா ஒழுகாது. மாஸ்டர், நீங்களா?"

"எனக்கு அளவு எழுதவே நேரம் பத்தல சார்," என்றார் கட்டிங் மாஸ்டர், கூரையைப் பார்த்துக்கொண்டு.

"வீட்டுல ஒரு தொல்லை ஓய்ஞ்சுதுன்னு பார்த்தா, இங்க ஒண்ணு முளைக்குது."

வீட்டுத் தொல்லை என்று அவர் சொன்னது அம்மாவை. அம்மாவுக்கு ஞாபகம் போய்விட்டது. போன வருடம் கூடத்துக்கு வந்து, தைத்து முடித்த சட்டையை வாடிக்கையாளர் கண்ணெதிரிலேயே பிரித்துப் போட்டார். 'தையல் கோணல்' என்று தீர்ப்பு வேறு. அன்றோடு முதலாளி அவரை வரவிடவில்லை. பிறகு தினமும் ஒன்பது மணிக்கு வாசலில் நின்று, வேலைக்கு நேரமாச்சு என்று அழுதார். இப்போது அடங்கிவிட்டார். டாக்டர் கொடுத்த புது மாத்திரை அருமையாக வேலை செய்கிறது என்று முதலாளி பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்வார்.

அவர் மேசைமேல் கிடந்த துணிக் குவியலைத் தூக்கினார். அடியில் போன். எடுத்த வேகத்தில் கையை உதறினார். இஸ்திரிப் பெட்டி மாதிரிச் சுட்டது.

"யார் இதை ஒளிச்சு வெச்சது?"

"நான்தான் தம்பி."

காஜா அக்கா. சட்டைக்குப் பொத்தான் துளை எடுப்பதில், காஜா போடுவதில், அவரை மிஞ்ச ஆளில்லை. முதலாளியின் அம்மா முதன்முதலில் வேலைக்கு வைத்த ஆள். அந்த உரிமையில் முதலாளி அவருக்கு இன்னமும் தம்பி.

முதலாளி போனைத் தட்டிப் பார்த்தார்.

"வீடியோ கால். தினமும் ரெண்டு மணி நேரம். ஒரே நம்பர். பேரு... 'ஊசிக்காரர்'." சிரித்துவிட்டார். "ஏன்க்கா, ஊசி வாங்க ரெண்டு மணி நேரம் முகம் பார்த்துப் பேசணுமா?"

ஐந்தாவது மிஷினில் யாரோ களுக்கென்றார்கள்.

"யாருக்கா அது?"

"சொல்ல மாட்டேன் தம்பி. வாக்குக் கொடுத்திருக்கேன்."

"யாருக்கு?"

"அதைச் சொல்லக்கூடாதுங்கறதும் வாக்குதான்."

"அப்படியா? அப்போ வாக்கை நீங்களே காப்பாத்திக்குங்க. நாளையிலிருந்து வர வேண்டாம்."

 காஜா அக்கா கத்தரிக்கோலை உறையில் போட்டார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் வைத்தார். வாசல்வரை போனவர் திரும்பி வந்து, எண்ணெய்க் குப்பியை எடுத்து, மூன்றாவது மிஷினுக்கு மூன்று சொட்டு விட்டார்.

"போறவங்களுக்கு எதுக்கு இந்த அக்கறை?"

"காலையிலேயே சொன்னாங்க. மறந்துட்டேன்."

"யார் சொன்னது?"

காஜா அக்கா போனைப் பார்த்தார். உடனே பார்வையை விலக்கிக்கொண்டார்.

முதலாளி அந்த நம்பரை அழுத்தினார். ஒரே மணியில் எடுத்துவிட்டார்கள். திரையில் முதலில் ஒரு மின்விசிறி ஆடியது. பிறகு, வெள்ளைத் துணியில் ஊசி ஏற்றிக்கொண்டிருந்த சுருங்கிய இரண்டு கைகள்.

"எங்கடி தொலைஞ்சே? எல்லா மிஷினும் ஒரேயடியா நின்னுபோச்சு. நூல் தீர்ந்துச்சா? மூணாவது காலையிலிருந்து கீச்சுக் கீச்சுங்குதே, எண்ணெய் விட்டியா இல்லியா?"

அது அம்மாவின் குரல். திரையின் ஓரத்தில், கையில் தட்டோடு வந்த முதலாளியின் மனைவி அப்படியே நின்றாள்.

"கோவிச்சுக்காதீங்க," என்றாள். "அந்த மாத்திரையை நாலு மாசத்துக்கு முன்னாடியே நிறுத்திட்டேன். எந்நேரமும் தூங்கி வழிஞ்சாங்க. மிஷின் ஓடுறதைப் பார்த்துக்கிட்டிருந்தாதான் வாசலுக்கு ஓட மாட்டேங்கறாங்க. ரெண்டு வாய் சாப்பிடறாங்க. உங்ககிட்ட சொன்னா இதையும் நிறுத்திடுவீங்கன்னு நான்தான் அக்காகிட்ட வாக்கு வாங்கினேன்."

அதற்குள் அம்மா போனைக் கண்ணருகே கொண்டுவந்து, திரையில் தெரிந்த முகத்தை உற்றுப் பார்த்தார்.

"நீங்க யாரு? புது ஆளா?"



"ஆமாம்மா," என்றார் முதலாளி.

"அப்புறம் என்ன, முதலாளி மாதிரி நின்னுக்கிட்டு? உட்காருங்க. வேலையைப் பாருங்க."

முதலாளி போனை நூல்கண்டுகளின் மேல் சாய்த்து வைத்தார். அம்மா கண்ணில் படும்படி மூன்றாவது மிஷினில் உட்கார்ந்து மிதியை அழுத்தினார். ஒவ்வொன்றாக மற்ற ஏழும் ஓடத் தொடங்கின. காஜா அக்கா பையைத் திறந்து கண்ணாடியைத் தேடினார்.

அம்மா அதன் பிறகு பதினோரு மாதம் இருந்தார். தினமும் ஒன்பது மணிக்கு மகன்தான் போன் போட்டார். கடைசிவரை அவர் அம்மாவுக்குப் புது ஆள்தான்.