பாராட்டும் கண்டனமும் ஒரே சுவரில்

மருத்துவமனைக் கூடத்தில், என் தேநீர்க்கடைக்கு எதிரே, சுத்தியலும் கையுமாக ஓர் ஆள் இரண்டு கண்ணாடிச் சட்டங்களைப் பக்கத்துப் பக்கத்தில் மாட்டுகிறான். முதலாவது, கணக்கைச் சோதிக்கும் அலுவலகம் தந்த பாராட்டு. ஆறாம் வார்டில் இரண்டு செவிலியரைக் குறைத்துச் சிக்கனம் செய்தார்களாம். அடுத்தது, கவனிப்பைச் சோதிக்கும் அலுவலகம் தந்த கண்டனம். அதே வார்டில் இரண்டு செவிலியர் குறைவாக இருக்கிறார்களாம். மாட்டித்தான் ஆகவேண்டும் என்பது விதி. கண்ணாடியில் மழைநாள் வெளிச்சம் மங்கலாக வழிகிறது. பெஞ்சில் எனிட், புருஷன் வில்ஃபின் செருப்பு இருக்கும் பையை மடியில் வைத்திருக்கிறாள். அந்த வார்டில்தான் அவர் தண்ணீர் கேட்டு மணியை அழுத்தி அழுத்தியே போய்ச் சேர்ந்தார். "நேரா இருக்காம்மா?" என்கிறான் அந்த ஆள். "நேராத்தாம்ப்பா இருக்கு," என்கிறாள் எனிட். பிறகு என் பக்கம் திரும்பி, "ஏன்டி மேவிஸ், அந்த ரெண்டு அதிகாரிங்களும் ஒருத்தரோட ஒருத்தர் பேசிக்கவே மாட்டாங்களா?" என்கிறாள். நான் கோப்பையைத் துடைக்கிறேன். வில்ஃப் சாவதற்கு முந்தின வாரம் அந்த அதிகாரிகள் இருவரும் என் கடையில்தான் முதுகுக்கு முதுகு உட்கார்ந்திருந்தார்கள். மேசை துடைக்கிற சாக்கில் இரண்டு கோப்புகளையும் எட்டிப் படித்தேன்; இரண்டிலும் அதே ஆறாம் வார்டுதான். ஊர் வம்பையெல்லாம் வீடு வீடாகக் கொண்டுசேர்க்கிற இந்த வாய், அன்றைக்கு மட்டும், "சர்க்கரை போடவா?" என்று கேட்டதோடு நின்றுவிட்டது.