தண்ணீர் நின்ற மட்டம்

முப்பது வருடமாகப் பத்திரிகைக்குப் படமெடுத்து அருமைநாயகத்துக்கு அழுகிற முகங்கள் அலுத்துப்போயிருந்தன. வெள்ளம் வடிந்த தெருவில் ஒரு வீட்டு வாசலில் நின்று, உள்ளே சேறு தள்ளிக்கொண்டிருந்த பெண்ணைக் கூப்பிட்டார்.

"கொஞ்சம் அழுற மாதிரி நில்லும்மா."

அவள் துடைப்பத்தைக் கீழே வைக்கவில்லை. "நேத்தே அழுது முடிச்சிட்டேன் சார். இன்னிக்கு வேலை கெடக்கு."

அவருக்குக் கோபம் வரவில்லை, அசதிதான் வந்தது. கேமராவை இறக்கிவிட்டு வாசல் நிலையில் சாய்ந்தார். உள்ளே எதிரே நீலச் சுவரில், தண்ணீர் நின்ற மட்டம் பழுப்புக் கோடாக வீட்டைச் சுற்றி ஓடியது. வாசல் வெயில் மெல்ல இறங்கி அந்தக் கோட்டைத் தொடும்வரை நின்றார். ஒரு படத்துக்காக அவர் இப்படிக் காத்திருந்து எத்தனையோ காலமாகியிருந்தது. ஒன்றே ஒன்று எடுத்தார்.

அலுவலகத்தில் செய்தி ஆசிரியர் அதைப் பார்த்துவிட்டு, "இதுல ஆளே இல்லையேண்ணே, எங்க போடுறது?" என்றார்.

"போட வேண்டாம். இது எனக்கு எடுத்தது." சொன்ன பிறகு அருமைநாயகத்துக்கே அது யாரோ பேசியது போலிருந்தது.

மறுநாள் விடுப்பு சொல்லிவிட்டு மறுபடி அங்கே போனார். அந்தப் பெண் சுவரைக் கழுவ வாளித் தண்ணீரோடு நின்றிருந்தாள்.

"கழுவிரவா சார்? இன்னும் பாக்கணுமா?"

"வெயில் வந்துரட்டும்மா."

அவள் வாளியை இறக்கி வைத்தாள். அவர் பக்கத்தில் வந்து நின்று, அவர் பார்த்த இடத்தையே தானும் பார்த்தாள்.