விளிம்பில் நின்ற காசு

மலைப்பாதையில் இழுவை போதாமல் பின்னோக்கி உருண்ட பழைய லாரி அது. ஓட்டிய மகன் செத்துப்போனான், லாரி மிஞ்சியது. சென்னியப்பன் அதை ஜக்கரியாவின் பட்டறையில் விட்டு, "இழுவையக் கூட்டிக் குடுங்க" என்று மட்டும் சொன்னார்.

இரண்டு மாதம் ஆனது. ஜக்கரியா ஒரே வரிசையில் இருந்த ஆறு சிலிண்டர்களையும் கடைந்து அகலமாக்கி, டர்போ ஏற்றினார். ஆறு பிஸ்டன்களையும் நகைத் தராசில் நிறுத்து, கனமானவற்றை அராவிச் சமமாக்கினார்.

இன்று எஞ்சின் ஓடியது.

"ஒரு ரூபாக் காசு இருக்குங்களாண்ணா? மேல நிறுத்தி வெச்சா விழக் கூடாது. அதான் சோதனை."

சென்னியப்பன் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். சிதை மூட்டும் முன் மகனின் நெற்றியிலிருந்து எடுத்த காசு. ஒட்டியிருந்த சந்தனத்தை ஜக்கரியா கைலியில் துடைத்துவிட்டு, எஞ்சின் மூடியின் மேல் அதை விளிம்பில் நிறுத்தினார். பிறகு வேகத்தை முழுதாகக் கூட்டினார். பட்டறைக் கூரைத் தகரம் அதிர்ந்தது. காசு அப்படியே நின்றது.

"பாத்தீங்களாண்ணா, துளிகூட ஆடல!"

சென்னியப்பன் காசையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு அத்தன மேளத்துக்கும் ஆடலைங்க."