மருதாயியின் ராத்திரி மருந்து

இருட்டினால் போதும், சுவருக்கு அந்தப் பக்கம் அந்தச் சத்தம் ஆரம்பித்துவிடும். துருத்தி ஊதுவது போல, நடுநடுவே ஒரு விசில்.

பக்கத்து வீட்டு மருதாயியின் மூச்சு அது. இட்லிக்கடையில் முப்பது வருஷம் விறகுப்புகை குடித்த நெஞ்சு. இனி சரியாகாது என்று சொல்லி, பத்து நாளைக்கு முன்னால் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

தேவிப்ரியாவுக்கு அதைக் கேட்டால் பயம். நின்றுபோனால் அதைவிடப் பயம். புருஷன் துபாயில். மூன்று மாதப் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு காதைத் தீட்டியபடி உட்கார்ந்திருப்பாள்.

அன்று காலையில், வீடு தேடி வந்து பார்க்கும் நர்ஸ் இன்னாசியம்மாள், மருதாயியின் புருஷன் ஆத்மநாதனைப் பிடிபிடியென்று பிடித்தது இவள் காதிலும் விழுந்தது.

“இந்த மருந்து நோயைத் தீர்க்காதுங்க. மூச்சு முட்டுற தவிப்பைக் குறைக்கும், ராத்திரி அசந்து தூங்குவாங்க. பத்து நாளாச்சு, பாட்டிலைத் தெறக்கவே இல்லையே?”

“தப்புத்தாம்மா,” என்றார் அவர்.

கட்டினவள் தவிக்க, இந்த மனுஷனுக்கு எப்படித்தான் சோறு இறங்குகிறதோ.

எட்டு மணிக்கு மேல் இவளுக்குப் பொறுக்கவில்லை. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அவர்கள் வீட்டில் போய் நின்றாள். மருதாயி கட்டிலில் தலையணையை அணைத்துக் குனிந்திருக்க, ஆத்மநாதன் அவள் முகத்துக்கு நேரே விசிறிக்கொண்டிருந்தார்.

“மாமா, மருந்தை ஏன் குடுக்க மாட்டேங்கிறீங்க?”

“நான் குடுக்காமயா இருக்கேன் ஆத்தா? ஒங்கத்தை வாயத் தெறந்தாத்தானே. நர்ஸம்மாகிட்டச் சொன்னா இவளை ஏசும். அதான் நானே வாங்கிக் கட்டிக்கிட்டேன்.”

“ஏன் அத்தை?”

மருதாயி மூச்சைச் சேர்த்துச் சேர்த்துப் பேசினாள். “குடிச்சா... தூங்கிருவேன்.”

“தூங்கத்தானே மருந்து?”

“தூங்கிட்டா... ஒன் வீட்டை... யாரு பாக்குறது? பச்சப்புள்ளைக்காரி... தாப்பா போடாமக் கெடக்குறே. பத்து நாளா... அந்தச் சத்தமே... கேக்கலையே.”

தேவிப்ரியா பிள்ளையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள். “வேணும்னுதான் அத்தை போடலை. மாமா கூப்பிட்டா ஒடனே ஓடி வரணும்ல? அந்நேரம் துருப்பிடிச்ச தாப்பாளோட மல்லுக்கட்ட முடியுமா?”

“நல்லாருக்கு போங்க,” என்றார் ஆத்மநாதன். “ஒருத்திக்கு ஒருத்தி காவலு. ஏச்சு வாங்க நானு. அவசரம்னா சுவத்தைத் தட்டுறேன், நீ போயித் தூங்கு ஆத்தா.”

மருதாயி சிரிக்கப் பார்த்தாள். இருமல்தான் வந்தது. “மொத... நீ போயிப் போடு. பெறகு... குடிக்கிறேன்.”

மூடியில் அளந்த மருந்தோடு அவர் காத்திருக்க, தேவிப்ரியா வீட்டுக்கு வந்து, சுவருக்கு அங்கிட்டும் கேட்கட்டும் என்று தாழ்ப்பாளை ஓங்கிப் போட்டாள்.